சான்றிதழில் எழுதாத மச்சம்

கேள்வி:
டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 27. தலைப்பிரசவம், இப்போது ஏழாம் மாதம் நடக்கிறது. தொப்புளுக்கு வலப்பக்கத்தில் சிறுவயது முதலே கடுகளவில் ஒரு மச்சம் உண்டு. இரண்டு மாதத்துக்குள் அது மிளகளவுக்கு வந்துவிட்டது. இடது மணிக்கட்டில் பிறவியிலேயே ஒரு சிவப்புத் திட்டு இருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அங்க அடையாளமாக எழுதியதே அதைத்தான். அது இப்போது கருஞ்சிவப்பாகி, நடுவில் சின்னதாகச் சதை முளைத்து, பாத்திரம் தேய்க்கும்போது பட்டால் ரத்தம் வருகிறது. கழுத்தும் கறுத்து, பாலுண்ணி போல நிறைய வந்திருக்கிறது. "பிள்ளை வயிற்றில் இருக்கும்போது எல்லாம் இப்படித்தான் இருக்கும், பிறந்ததும் போய்விடும்" என்கிறார் என் மாமியார். பக்கத்து வீட்டு அக்காவோ, சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைத்தால் மச்சம் உதிர்ந்துவிடும் என்கிறார். புற்றுநோயாக இருக்குமோ என்று எனக்கு இரவில் தூக்கம் வரவில்லை. குழந்தைக்கும் இந்தச் சிவப்புத் திட்டு வருமா? கிரகணத்தன்று தெரியாமல் வாசலுக்கு வந்துவிட்டேன், அதையும் சொல்லிக் காட்டுகிறார்கள். மாதக் கடைசியில் வளைகாப்பு. கால் வீங்கியிருக்கிறதென்று என் கணவர் எண்ணெய் தடவிவிட்டபோது இடது உள்ளங்காலில் ஒரு கறுப்புப் புள்ளி இருப்பதாகச் சொன்னார்; அது முன்பே இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.
– கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி

பதில்:
அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி வயிற்று மச்சத்துக்கும் மணிக்கட்டுத் திட்டுக்கும் போயிருக்கிறது. உள்ளங்காலுக்கு நீங்கள் ஒதுக்கியது ஒரே வரி, அதுவும் கடைசி வரி. நான் படிக்கையில் நின்றது அந்த வரியில்தான். ஆகவே பதிலையும் அங்கிருந்தே தொடங்குகிறேன். மற்றவற்றில் சில பிரசவம் வரை காத்திருக்கக்கூடியவை, சில சிறு கவனிப்பில் அடங்கிவிடக்கூடியவை. உள்ளங்காலில் இருக்கும் புள்ளியை மட்டும் இந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு தோல் மருத்துவரிடம் நேரில் காட்டிவிடுங்கள். அது ஆபத்தானது என்று நான் சொல்லவில்லை. கடிதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் அப்படிச் சொல்ல முடியாது. பெரும்பாலும் அது வெறும் மச்சமாகவே இருக்கும். ஆனால் எப்போது வந்ததென்று தெரியாத ஒரு கறுப்புப் புள்ளி உள்ளங்காலில் இருக்கிறதென்றால், அதைப் பார்க்காமல் விடுவதற்குக் கர்ப்பம் ஒரு காரணமாகாது.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நிறமிச் செல்களில் தோன்றும் மெலனோமா என்னும் புற்றுநோய், வெள்ளைத் தோல் உடையவர்களிடம் பரவலாகக் காணப்படுவது. முதுகு, கால் என்று வெயில் பட்டுச் சிவந்த இடங்களில்தான் அவர்களுக்கு அதிகம் வரும். நம் மாநிறத் தோலில் அது மிகவும் அரிது. இந்தியாவில் ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவர் என்ற கணக்கைக்கூட எட்டுவதில்லை. ஆனால் அரிதாக வரும்போது, வெயிலே படாத இடங்களைத் தேடிப் பிடிக்கிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடிப்பகுதி. அங்கே வந்ததைக் கால் ஆணி என்றும், முள் குத்திய வடு என்றும், செருப்புக் கடித்த கறுப்பு என்றும் நினைத்து மாதக்கணக்கில் களிம்பு போட்டுக்கொண்டிருப்பது எங்கள் புறநோயாளிப் பிரிவில் புதிய கதை அல்ல. பத்தாம் வகுப்பில் அங்க அடையாளம் எழுதுவதற்காக ஆசிரியர் நம்மை வரிசையில் நிறுத்தி இரண்டு மச்சம் தேடியது நினைவிருக்கும். முகம், கழுத்து, கை என்று தேடுவார்; கிடைத்ததும் எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். அதனால் நம்மில் பலருக்குச் சான்றிதழில் ஏறிய இரண்டு மச்சங்கள் மனப்பாடம், உள்ளங்காலில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. உங்கள் கணவர் பார்த்துச் சொன்னது நல்ல காரியம்.

மருத்துவர் என்ன செய்வார் என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். டெர்மாஸ்கோப் என்ற, வெளிச்சமுள்ள உருப்பெருக்கியைப் புள்ளியின்மேல் வைத்துப் பார்ப்பார். ஊசியும் இல்லை, வலியும் இல்லை. கைநாட்டு வைக்கும்போது பதியும் ரேகைகளை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கால் தோலிலும் அப்படியே மேடும் பள்ளமுமாகக் கோடுகள் ஓடுகின்றன. சாதாரண மச்சத்தில் நிறமி பெரும்பாலும் பள்ளங்களின் வழியே மெல்லிய இணைகோடுகளாகப் படிந்திருக்கும். மெலனோமாவில் அது மேடுகளின்மேல் பட்டையாக ஏறியிருக்கும். ஜப்பானியத் தோல் மருத்துவர்கள் நுணுகிப் பார்த்து வகுத்துக் கொடுத்த இந்த ஒரு வேறுபாடு, தேவையில்லாத எத்தனையோ அறுவைகளைத் தவிர்த்திருக்கிறது. பள்ளத்துக் கோடுகள் தெளிவாகத் தெரிந்தால் அதோடு கவலை முடிந்தது. மேடுகளின்மேல் பட்டை தெரிந்தால் அளவு எதுவானாலும், இரண்டும் தெளிவாக இல்லாமல் புள்ளியின் அகலம் 7 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தாலும், சிறிது தோலை எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார்கள். குதிகால் ஓரத்தில் அழுத்தத்தால் ரத்தம் கசிந்து உறைந்தாலும் கறுப்புப் புள்ளி தோன்றும். அதை மேல்தோலோடு லேசாகச் சுரண்டினாலே போய்விடும். அந்தச் சுரண்டலை வீட்டில் பிளேடு வைத்துச் செய்ய வேண்டாம்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கர்ப்ப கால ஹார்மோன்கள் தோலைக் கறுக்கச் செய்வது உண்மை. பத்துக் கர்ப்பிணிகளில் ஒன்பது பேருக்கு ஏதோ ஓர் இடத்தில் நிறம் கூடுகிறது: மார்புக் காம்பைச் சுற்றிய வட்டம் அடர்கிறது, தொப்புளிலிருந்து கீழே ஒரு கறுத்த கோடு இறங்குகிறது, அக்குளும் தொடையிடுக்கும் கறுக்கின்றன, கன்னத்தில் மங்கு விழுகிறது. நஞ்சுக்கொடி பெருமளவில் சுரக்கும் எஸ்ட்ரோஜனும், கூடவே உயரும் மெலனின் தூண்டு ஹார்மோனும் நிறமிச் செல்களை முடுக்கிவிடுவதுதான் காரணம். இதே காலத்தில் கூடும் இன்னொரு ஹார்மோனான புரோஜெஸ்டிரோன், பரிசோதனைச் சாலையில் வளர்த்த நிறமிச் செல்களில் நேர்மாறாக மெலனினைக் குறைப்பதாக 2016-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆகவே ஹார்மோன் என்றாலே கறுப்பு என்று ஒரே கணக்காகச் சொல்லிவிட முடியாது. கர்ப்பம் தோலில் எழுதுவதை நம்மவர்கள் வெகு காலமாகக் கவனித்தே வந்திருக்கிறார்கள். பெண்ணின் உடலில் படரும் வரிகளுக்கும் புள்ளிகளுக்கும் சங்கப் பாடல்களில் 'திதலை' என்று தனிச்சொல்லே உண்டு. பிள்ளை பெற்றவளைச் சொல்லும் இடத்திலும் அது வருகிறது.

தோல் முழுவதும் இப்படிக் கறுக்கும்போது மச்சமும் கறுத்துப் பெரிதாகும் என்று நினைப்பது இயல்புதான். மருத்துவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள், பாடப்புத்தகங்களும் அப்படியே எழுதின. அளந்து பார்த்தபோதுதான் கதை வேறாக இருந்தது. 1997-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 22 கர்ப்பிணிகளின் 129 மச்சங்களை முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் படமெடுத்து ஒப்பிட்டார்கள். அளவு மாறியவை எட்டே எட்டு. அவற்றில் நான்கு ஒரு மில்லிமீட்டர் பெரிதாயின, நான்கு ஒரு மில்லிமீட்டர் சிறிதாயின. சிறிய ஆய்வுதான். ஆனாலும், அதன்பின் முதுகு மச்சங்களை வைத்துச் செய்த ஒப்பீடுகளும் அதே பக்கம்தான் சாய்ந்தன. டெர்மாஸ்கோப் வழியாகப் பார்த்தால் சில மச்சங்களின் நிறமி வலைப்பின்னல் கர்ப்ப காலத்தில் சற்றுத் தடித்துக் கறுப்பது தெரிகிறது. பிரசவமாகி ஓராண்டுக்குள் அது பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. வெறுங்கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் மாற்றத்தை, ஹார்மோன் தனியாகச் செய்துவிடுவதில்லை.

அப்படியானால் உங்கள் வயிற்று மச்சம் ஏன் பெரிதானது? வயிறு பெரிதானதால். காற்று ஊதாத பலூனில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டு ஊதிப் பாருங்கள். மை கூடவில்லை, புள்ளி மட்டும் விரிந்திருக்கும். வயிற்றிலும் மார்பிலும் உள்ள மச்சங்கள் இப்படி விரிவது எதிர்பார்க்க வேண்டியதே. விரிந்த மச்சத்துக்குச் சில குணங்கள் உண்டு: எல்லாப் பக்கமும் சீராக விரிந்திருக்கும், அல்லது தோல் இழுபடும் திசையில் நீள்வட்டமாகியிருக்கும், நிறம் ஒரே சீராக, சில வேளை முன்பைவிட வெளிறியே இருக்கும், ஓரம் மழுங்காமல் தெளிவாக இருக்கும், பிரசவத்துக்குப் பின் வயிறு சுருங்கும்போது அதுவும் சுருங்கும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது இந்த வகையாகவே தோன்றுகிறது. உள்ளங்காலைக் காட்டப் போகும்போது இதையும் காட்டிவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இதிலிருந்து கிடைக்கும் கணக்கு எளிது. வயிற்றிலோ மார்பிலோ உள்ள மச்சம் சீராக விரிந்தால், அது தோலின் இழுவை. விரியாத இடங்களில், அதாவது முதுகிலோ கையிலோ காலிலோ முகத்திலோ ஒரு மச்சம் மாறினால், அதைக் கர்ப்பத்தின் கணக்கில் எழுதாமல், கர்ப்பமில்லாத ஒருத்திக்கு எப்படிப் பார்ப்போமோ அப்படியே பார்க்க வேண்டும். மச்சத்தின் ஒரு பாதி மறுபாதியைப் போல இல்லாதது, ஓரம் அரித்த இலைபோல் ஆவது, ஒரே மச்சத்தில் கறுப்பு, பழுப்பு, சிவப்பு, சாம்பல் என்று பல நிறம் கலப்பது, 6 மில்லிமீட்டரைத் தாண்டி வளர்வது, தானாக ரத்தம் கசிவது, ஆறாத புண்ணாவது, இவற்றில் எது தெரிந்தாலும் வளைகாப்பு முடியட்டும், பிரசவம் முடியட்டும் என்று தள்ளக் கூடாது. நகத்தில் புதிதாக ஒரு கறுத்த கோடு விழுந்து, அதுவும் ஒரே விரலில் மட்டும் விழுந்து, அகலமாகிக்கொண்டு போனாலும் அப்படியே. பல நகங்களில் மெல்லிய கோடுகள் தெரிவது நம் நிறத்தவர்களுக்குச் சாதாரணம். மாற்றத்தை நினைவில் வைத்துக்கொண்டு சண்டை போடுவதைவிட, மாதம் ஒருமுறை பள்ளிக்கூட ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து, ஒரே வெளிச்சத்தில், கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவருக்கு அந்த இரண்டு மூன்று படங்கள் பத்து நிமிடப் பேச்சைவிடப் பயன்படும்.

உங்கள் மாமியார் சொன்னதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். கர்ப்பத்தில் தோன்றும் பல தோல் மாற்றங்கள் பிரசவத்துக்குப் பின் மறைவதைப் பார்த்தவரின் அனுபவச் சொல் அது, பாதிக்கு மேல் உண்மையும்கூட. எனக்குப் பயம் அந்தச் சொல்லில் உள்ள 'எல்லாம்' என்ற ஒரு வார்த்தையைப் பற்றித்தான். அதையே சில வேளைகளில் மருத்துவமனையிலும் கேட்க நேர்கிறது. "பிரசவம் ஆகட்டும், பிறகு பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுகிறார்கள். பிறகு குழந்தை, பால் கொடுத்தல், தூக்கமின்மை, பெயர் சூட்டல், காதுகுத்து என்று ஒரு வருடம் ஓடிவிடும்.

புற்றுநோய் என்ற உங்கள் பயத்துக்கும் நேராகவே பதில் சொல்கிறேன். கர்ப்ப காலத்தில் மெலனோமா வந்தால் அது வெறிபிடித்ததுபோல் பரவும் என்று ஒரு நம்பிக்கை மருத்துவ உலகில் இருந்தது. 1951-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு கட்டுரை அதற்கு வலுவூட்டியது. விரல்விட்டு எண்ணக்கூடிய சில கர்ப்பிணிகளை வைத்து எழுதப்பட்ட கட்டுரை அது. அதன் நிழலில் எத்தனையோ பெண்களுக்கு இனிக் குழந்தையே வேண்டாம் என்று சொல்லப்பட்டது. 2004-இல் சுவீடன், நாடு தழுவிய தன் பதிவேடுகளை வைத்து, கர்ப்ப காலத்தில் மெலனோமா கண்டறியப்பட்ட 185 பெண்களையும், கர்ப்பமில்லாதபோது கண்டறியப்பட்ட அதே வயதுக்குரிய 5,348 பெண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. உயிர் பிழைப்பதில் வேறுபாடு இல்லை. முடிவைத் தீர்மானிப்பது கட்டி தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே. ஆழத்தைத் தீர்மானிப்பது எவ்வளவு சீக்கிரம் காட்டினோம் என்பது. கர்ப்பத்தைக் கலைக்க வேண்டும் என்ற பேச்சுக்கும் தொடக்க நிலையில் இடமில்லை.

தோலில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டி வந்தால், குழந்தைக்கு ஏதாவது ஆகுமோ என்று தயங்காதீர்கள். அந்த இடம் மட்டும் மரத்துப் போகப் போடும் லிக்னோகைன் ஊசி கர்ப்ப காலத்தில் பாதுகாப்பானது. பல் பிடுங்கப் போடுவதும் அதே மருந்துதான். கர்ப்பிணி என்பதையும் எத்தனை வாரம் என்பதையும் முன்பே சொல்லுங்கள். ஏழாம் மாதத்தில் மல்லாந்து வெகுநேரம் படுத்தால் கருப்பை பெரிய ரத்தக் குழாயை அழுத்தித் தலைசுற்றும். ஆகவே இடப்பக்கம் சற்றுச் சாய்ந்து படுக்க வைப்பார்கள். பிறகு வலித்தால் பாரசிட்டமால் போதும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வேறு வலி மாத்திரைகள் இந்த மாதத்தில் வேண்டாம்.

சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைப்பதைப் பற்றி. இரண்டும் சேர்ந்தால் கடுமையான காரம்; தோலை அரித்து வேகவைக்கும். மச்சத்தின் மேல்பகுதி உதிரும், அடியில் உள்ள செல்கள் அங்கேயே இருக்கும். சில மாதத்தில் தழும்பின் நடுவிலிருந்து கோணல்மாணலாக நிறம் திரும்பி வரும். அந்தத் தோற்றம் மெலனோமாவைப் போலவே இருந்து மருத்துவரையே குழப்பும். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு: உண்மையிலேயே கெட்ட மச்சமாக இருந்தால், நுண்ணோக்கியில் பார்க்க வேண்டிய சதையையே நாம் எரித்துவிட்டிருப்போம். அழகு நிலையத்தில் மின்சாரத்தால் சுடுவதற்கும், சேராங்கொட்டைப் பால் தடவுவதற்கும் இதே பதில்தான். மச்சத்தை எடுப்பதென்றால் முழுதாக எடுத்து, எடுத்ததை ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். வயிற்று மச்சத்தை எடுக்கவே தேவையில்லை என்பது என் கருத்து.

மணிக்கட்டுத் திட்டு நிறமி சார்ந்ததல்ல, ரத்தக் குழாய் சார்ந்தது. தோலின் மேலடுக்கில் உள்ள நுண்குழாய்கள் பிறவியிலேயே விரிந்த நிலையில் அமைந்துவிட்டதால் வரும் சிவப்பு அது. கர்ப்பத்தில் உடலில் ஓடும் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. எஸ்ட்ரோஜன் குழாய்களை மேலும் விரிக்கிறது. அதனால் இத்தகைய திட்டுகள் அடர்ந்து தெரிவது இயல்பு. நடுவில் முளைத்திருக்கும் சதை, கர்ப்பிணிகளுக்கு ஈறிலும் விரலிலும் அடிக்கடி வரும் ரத்தச் சதைத்துளிராக இருக்கக்கூடும். மாதுளை முத்துபோல் சிவந்து ஈரமாக இருக்கும். உரசினால் பயமுறுத்தும் அளவுக்கு ரத்தம் வரும். ஆனால் அது புற்றுநோயல்ல. ரத்தம் வந்தால் சுத்தமான பருத்தித் துணியை வைத்து, நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல், கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள் வேண்டாம். பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் தானே சுருங்கிவிடும். ஆனால் நிறமியில்லாத மெலனோமாவும் அரிதாக இதே வேடத்தில் வரும் என்பதால், இதையும் மருத்துவர் ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும். ரத்தக் கசிவு தொல்லையாக இருந்தால் இப்போதே எடுத்துவிடலாம், எடுத்ததை ஆய்வுக்கு அனுப்பும்படி கேளுங்கள். திட்டின் நிறத்தைக் குறைக்க லேசர் உண்டு. அதைக் குழந்தை பிறந்த பிறகு யோசிக்கலாம்.

கழுத்தைப் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கர்ப்பத்தில் சிறு மருக்கள் கழுத்திலும் அக்குளிலும் வருவது சாதாரணம், பல பிறகு உதிர்ந்தும் போகும். முடியைக் கட்டி இறுக்கி அறுக்க வேண்டாம், சீழ் பிடிக்கும். ஆனால் கழுத்துத் தோல் கறுத்ததோடு வெல்வெட் துணிபோல் தடித்தும் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அப்படி இருந்தால் அது அழுக்கும் அல்ல, மங்கும் அல்ல. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். உங்களுக்குச் சர்க்கரைப் பரிசோதனை ஆகிவிட்டதா? 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கும் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே உண்டு. 140-ஐ எட்டினால் கர்ப்பகால நீரிழிவுக்கான கவனிப்பைத் தொடங்குவார்கள். முன்பு ஒருமுறை பார்த்து நன்றாக இருந்திருந்தாலும், 24 வாரத்துக்குப் பின் மறுபடி பார்க்கப்பட்டதா என்று செவிலியரிடம் கேளுங்கள்.

குழந்தைக்குச் சிவப்புத் திட்டு வருமா என்றால், உங்களிடமிருந்து அது இறங்காது என்று நம்பலாம். இத்தகைய திட்டு பெற்றோரிடமிருந்து வருவதில்லை. கருவாக இருந்தபோது உங்கள் உடலின் ஏதோ ஒரு செல்லில் நேர்ந்த சிறு மரபணுப் பிழையிலிருந்து வருகிறது. அந்தப் பிழை பெரும்பாலும் எந்த மரபணுவில் என்பது 2013-இல் கண்டறியப்பட்டது. அது அந்தத் திட்டில் உள்ள செல்களோடு நின்றுவிடுகிறது. கிரகணம் நிலவுக்கோ சூரியனுக்கோ நேர்கிற நிழல். உங்கள் வயிற்றில் எட்டி எதையும் அது வரைவதில்லை. நீங்கள் வாசலுக்கு வந்ததற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. குழந்தை பிறந்ததும் இடுப்பின் பின்புறத்திலும் பிட்டத்திலும் சாம்பல் நீலத் திட்டுகள் இருந்தால் பதறாதீர்கள். நம் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு அது உண்டு, பள்ளிக்குப் போகும் வயதுக்குள் மங்கிவிடும். பிறந்த சில வாரங்களில் புதிதாக ஒரு செம்பழம்போல் கட்டி தோன்றி, அது கண்ணோரத்திலோ உதட்டிலோ இருந்து வேகமாக வளர்ந்தால் மட்டும் தாமதிக்காமல் காட்டுங்கள். அதற்கு 2008 முதல் பிரொப்ரனலால் என்ற நல்ல மருந்து பயன்பட்டு வருகிறது.

இதைப் படிக்கும் மற்றப் பெண்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். உடலில் தேநீர் நிறத்தில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட திட்டுகள், ஒவ்வொன்றும் 15 மில்லிமீட்டருக்கு மேல், கூடவே மெத்தென்ற முடிச்சுகள், அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அதேபோல் என்று இருந்தால், அது நியூரோஃபைப்ரோமாடோசிஸ் என்ற பரம்பரை நோயாக இருக்கலாம். அதில் முடிச்சுகள் கர்ப்ப காலத்தில் வளரும், ரத்த அழுத்தத்தை நெருக்கமாகக் கவனிக்க வேண்டும், குழந்தைக்கு வர ஐம்பது சதவீத வாய்ப்பும் உண்டு. முதல் பரிசோதனையிலேயே மகப்பேறு மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது. மங்குக்காகக் கடையில் கேட்டு வாங்கிப் பூசும் மூன்று மருந்துக் கலவைக் களிம்புகளையும் கர்ப்பம் தெரிந்த நாளிலேயே நிறுத்திவிடுங்கள். அவற்றில் உள்ள ஹைட்ரோகுவினோன் தோல் வழியாக உடலுக்குள் கணிசமாக இறங்குகிறது, ட்ரெட்டினாயின் கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டிய மருந்து.

உங்களுக்கு அருகில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. மாதப் பரிசோதனைக்குப் போகும் நாளிலேயே சீட்டு வாங்கிக்கொள்ளலாம். தாய் சேய் அட்டையையும் கைப்பேசிப் படங்களையும் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் வயிற்றைப் பார்த்துவிட்டு அனுப்பப் பார்த்தால், "உள்ளங்காலில் ஒன்று இருக்கிறது, எப்போது வந்ததென்று தெரியவில்லை" என்று நீங்களே முதலில் செருப்பைக் கழற்றிக் காட்டுங்கள். வளைகாப்புக்கு முன்பே இந்த வேலையை முடித்துக்கொள்வது நல்லது. உள்ளங்காலில் மருதாணி ஏறிவிட்டால் அதன் நிறம் மூன்று வாரத்துக்குப் புள்ளியை மறைத்துவிடும், டெர்மாஸ்கோப்பும் ஏமாந்துபோகும். இடது மணிக்கட்டில் சதை முளைத்த இடத்தின்மேல் மெல்லிய பருத்தித் துணியை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி வளையல்களை அதற்கு மேலே முழங்கைப் பக்கமாகத் தள்ளி அடுக்கச் சொல்லுங்கள். அந்தக் கைக்கு மட்டும் எண்ணிக்கை சற்றுக் குறைந்தால் பரவாயில்லை, மீதியை வலது கையில் போட்டுக்கொள்ளலாம்.